வேர்ட்பிரஸா, ஜூம்லாவா, ட்ரூபலா: மன்னார்குடியிலிருந்து ஒரு கணக்கு

"தம்பி, புதுசா ஒரு நெல் ரகத்தைச் சேர்க்கணும்னா நான் எத்தனை இடத்துல அமுக்கணும்?"

திருத்துறைப்பூண்டிப் பக்கம் பாரம்பரிய நெல் விதைகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு சின்னக் குழுவின் செயலாளர் என்னிடம் முதன்முதலாகக் கேட்டது இதுதான். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எழுபதைத் தாண்டியவர், நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன். இணையதளம் கட்டவும் அதில் எழுதவும் உதவும் மென்பொருள்களான வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ரூபல் மூன்றில் எது நல்லது என்று யார் கேட்டாலும் நான் இந்தக் கேள்வியிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். தளத்தைக் கட்டிக் கொடுக்கிறவன் இரண்டு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவான், அதில் எழுதப்போகிறவர் வருடக்கணக்கில் அதோடு குடும்பம் நடத்த வேண்டும், அவருக்கு எது கைவருமோ அதைத்தான் போட வேண்டும்.

மன்னார்குடியில் இருந்துகொண்டு டெல்டாவைச் சுற்றி இணையதளம் செய்து கொடுக்கிறேன். கோயில் திருப்பணிக் குழு, பள்ளி முன்னாள் மாணவர் சங்கம், குத்துவிளக்குப் பட்டறை, விதைக்காரர்கள் என்று எல்லாம் சின்னச் சின்ன இடங்கள். பெரிய நிறுவனங்களுக்கு எது சரி என்று நான் பேசவில்லை. வருடத்துக்கு மூவாயிரம் நாலாயிரம் செலவழிக்கவே யோசிக்கிறவர்களுக்கு எது சரி என்பதை மட்டும் சொல்கிறேன்.

அய்யாவின் குழுவுக்கு நான் போவதற்கு முன்பே ஒரு தளம் இருந்தது. வெளியூர் நிறுவனம் ஒன்று தன்னுடைய சொந்த மென்பொருளில் செய்து கொடுத்திருந்தது. மூன்றாம் வருடம் கட்டணத்தை ஏற்றினார்கள், குழுவால் கட்ட முடியவில்லை, தளம் நின்றது. உள்ளே அறுபதுக்கும் மேற்பட்ட ரகங்களைப் பற்றி அய்யா தன் கையால் தட்டச்சு செய்த குறிப்புகள் இருந்தன. எழுத்தை மட்டுமாவது கொடுங்கள் என்று கேட்டதற்கு, அதை வெளியே எடுக்கும் வசதியே அந்த மென்பொருளில் இல்லை என்று பதில் வந்தது. கடைசியில் விழா மலருக்காக டி.டி.பி. கடையில் அடித்து வைத்திருந்த பழைய கோப்புகளைத் தேடிப் பிடித்தோம். அவை பாமினி எழுத்துருவில் இருந்தன. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியலாகத் தெரியும். அதை யுனிகோடுக்கு மாற்றி, மாற்றியதில் விழுந்த பிழைகளைத் திருத்தி, இரண்டு பேர் ஒன்பது நாள் உட்கார்ந்தோம். திறந்த மூல மென்பொருளைத் தவிர வேறு எதிலும் வேலை எடுப்பதில்லை என்று நான் முடிவு செய்தது அந்த ஒன்பது நாளில்தான்.

திறந்த மூலம் என்றால் இலவசம் என்று மட்டும் நிறையப் பேர் புரிந்துகொள்கிறார்கள். அய்யாவுக்கு நான் விளக்க முயன்றபோது அவரே எனக்கு விளக்கிவிட்டார். ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் விதை கொடுத்த முறை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும்: 2 கிலோ விதை வாங்கிப் போகிறவர் விதைத்து அறுத்து அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். வாங்கியவர் அந்த விதையை என்ன செய்யலாம், யாருக்குக் கொடுக்கலாம் என்பதில் தடை கிடையாது, ஆனால் விதை பெருகித் திரும்பி வர வேண்டும். "அப்ப உங்க சாப்ட்வேரும் அதே கதைதானே தம்பி" என்றார். அதேதான். வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ரூபல் மூன்றும் ஜி.பி.எல். உரிமத்தில் வருபவை. எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதை வெளியே கொடுத்தால் அதே உரிமையோடு கொடுக்க வேண்டும்.

இந்த உரிமம் இல்லையென்றால் வேர்ட்பிரஸே இருந்திருக்காது. பி2 என்று ஒரு வலைப்பதிவு மென்பொருள் இருந்தது, அதை எழுதியவர் ஒரு கட்டத்தில் அதில் கைவைப்பதை நிறுத்திவிட்டார். மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இரண்டு பேர் அந்த நிரலை எடுத்துத் தொடர்ந்ததில் 2003 மே மாதம் வேர்ட்பிரஸ் வந்தது. ஜூம்லாவும் அப்படித்தான். மாம்போ என்ற மென்பொருளை யார் நிர்வகிப்பது என்பதில் சச்சரவு வந்தபோது, எழுதிக்கொண்டிருந்தவர்களே பிரிந்து 2005-இல் தொடங்கியது. ஜூம்லா என்பது சுவாஹிலி மொழியில் 'எல்லோரும் சேர்ந்து' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். ட்ரூபலின் பெயர் எனக்கு இன்னும் பிடிக்கும். டிரீஸ் பாய்டார்ட் என்ற பெல்ஜியம்காரர் தன் தளத்துக்கு டச்சு மொழியில் 'சிற்றூர்' என்ற சொல்லை வைக்க நினைத்து, முகவரியைத் தட்டும்போது எழுத்து மாறி அது 'துளி' ஆகிவிட, அந்தத் துளிக்கான டச்சுச் சொல்லிலிருந்துதான் 2001-இல் ட்ரூபல் என்ற பெயர் பிறந்தது. ஊரும் தண்ணீரும் சேர்ந்த பெயர், டெல்டாக்காரனுக்குப் பிடிக்காமல் போகுமா?

சரி, வேர்ட்பிரஸிலிருந்து தொடங்குகிறேன். உலகத்தில் உள்ள இணையதளங்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் இதில்தான் ஓடுகின்றன. அதனால் கிடைக்கும் நன்மை என்னவென்றால், நான் நாளைக்கு இந்த வேலையை விட்டுவிட்டாலும் திருவாரூரிலோ கும்பகோணத்திலோ இதைத் தெரிந்த இன்னொரு பையனோ பெண்ணோ கிடைப்பார்கள். கோயில் திருப்பணிக் குழு ஒன்றுக்கு வேர்ட்பிரஸில் செய்து கொடுத்தேன். கும்பாபிஷேக வேலை எதுவரை வந்திருக்கிறது, யார் எவ்வளவு கொடுத்தார்கள், இன்றைக்கு எந்தக் கோபுரத்துக்குச் சாரம் கட்டினார்கள் என்று தேதிவாரியாகப் போடும் தளம். குழுவில் உள்ள ஒருவர் சாரத்துக்குக் கீழே நின்றுகொண்டே போனில் படம் எடுத்து, வேர்ட்பிரஸ் செயலியில் குரல் வழியாகவே நாலு வரி தமிழில் சொல்லி, அங்கேயே வெளியிட்டுவிடுவார். சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர்கள் அன்று சாயங்காலமே பார்த்துவிடுவார்கள். தேதி வரிசையில் வரும் செய்திக்கு இதை மிஞ்ச எதுவும் கிடையாது. எத்தனை இடத்தில் அமுக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தோம், நான்கு.

2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பில் எழுதும் பகுதியைக் கட்டம் கட்டமாக மாற்றினார்கள். எனக்கு அது நல்ல மாற்றமாகத்தான் பட்டது, ஆனால் வயதானவர்களுக்குப் பழைய வெள்ளைப் பெட்டிதான் வசதி. கிளாசிக் எடிட்டர் என்ற நீட்சியை, அதாவது கூடுதல் வசதிக்காகச் சேர்த்துக்கொள்ளும் துணை நிரலை, போட்டுவிட்டால் பழையபடி இருக்கும்.

தமிழில் எழுதுகிறவர்கள் வேர்ட்பிரஸில் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. பதிவுக்குத் தலைப்பு வைத்ததும் அதிலிருந்தே முகவரியை அது உண்டாக்கும். அந்த முகவரிக்குத் தரவுத்தளத்தில் 200 எழுத்துதான் இடம். ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழில் ஒவ்வொரு குறியும் முகவரிக்குள் போகும்போது சதவீதக் குறியும் எண்ணுமாக 9 எழுத்து ஆகிறது. 'மா' என்பது நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு மகரமும் துணைக்காலும் சேர்ந்து இரண்டு, ஆக 18 இடத்தை அது ஒன்றே எடுத்துக்கொள்ளும். 'மாப்பிள்ளைச் சம்பா நெல் சாகுபடி' என்று ஒரு தலைப்பு வைத்தோம். மாப்பிள்ளைச் 108, சம்பா 45, நெல் 36, நடுவில் உள்ள இடைவெளிகள் 3, மொத்தம் 192. அடுத்து வரும் 'ச' உள்ளே நுழைய முடியாது. முகவரி 'நெல்'லோடு வெட்டுப்பட்டு நிற்கும். அப்புறம் 'மாப்பிள்ளைச் சம்பா நெல் அவல்' என்று இன்னொரு பதிவு போட்டால் அதற்கும் அதே முகவரிதான் வரும், கடைசியில் ஒரு 2 மட்டும் ஒட்டிக்கொள்ளும். எந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று முகவரியைப் பார்த்துச் சொல்லவே முடியாது. வாட்சப்பில் அனுப்பினால் பாதித் திரையைச் சதவீதக் குறிகள் நிரப்பும். அதனால் முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில், இரண்டு மூன்று சொல்லுக்குள், கையால் எழுதுங்கள். தளம் தொடங்கிய அன்றைக்கே இதைப் பழக்கிவிட வேண்டும், நானூறு பதிவு ஆன பிறகு ஒவ்வொன்றாக மாற்ற உட்கார்ந்தால் பெரிய வேலை.

தேடலும் அப்படித்தான். வேர்ட்பிரஸின் தேடல் நீங்கள் தட்டிய குறிகள் அப்படியே எங்காவது வரிசையாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கும். 'விதை' என்று தேடினால் விதைகள், விதைநெல் எல்லாம் கிடைக்கும். 'குளம்' என்று தேடினால் 'குளத்தில்' கிடைக்காது, சரி என்று 'குள' என்று தட்டினால் 'குளிர்' எல்லாம் சேர்ந்து வரும். நம் மொழியில் சொல் வேற்றுமை ஏற்று மாறுவதை இவற்றில் எதுவும் தானாகக் கணக்கில் எடுப்பதில்லை.

வேர்ட்பிரஸில் எனக்கு உண்மையான பயம் நீட்சிகளில்தான். பல்லாயிரக்கணக்கில் கிடைக்கின்றன, ஒரு தேவை வந்தால் உடனே ஒன்றைப் போட்டுவிடத் தோன்றும். ஒரு முன்னாள் மாணவர் சங்கத் தளத்தில் படங்களை ஓடவிடும் நீட்சி ஒன்றைப் போட்டுவிட்டு இரண்டு வருடம் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். அதன் ஓட்டை வழியாக யாரோ புகுந்து ஆயிரக்கணக்கான ஜப்பானிய மொழிப் பக்கங்களை உள்ளே கொட்டிவிட்டார்கள். கூகிளில் சங்கத்தின் பெயரைத் தேடினால் கைப்பை விளம்பரம் வந்தது. தலைமையாசிரியர் ஒருவர் என்னைக் கூப்பிட்டுப் பேசும்போது அவர் குரல் தழுதழுத்தது, அவ்வளவு பேரின் பள்ளிக்கூட நினைவு அதில் இருந்தது. சுத்தம் செய்ய ஒரு வாரம் ஆனது. இப்போது நான் கட்டும் எந்தத் தளத்திலும் ஆறு நீட்சிக்கு மேல் விடுவதில்லை, ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பார்க்காமல் சேர்ப்பதும் இல்லை.

நெல் ரகங்களுக்கும் முதலில் வேர்ட்பிரஸையே போட்டேன், அது என் தவறு. ஒவ்வொரு ரகத்தையும் ஒரு பதிவாக எழுதினோம், படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தளத்துக்கு வருகிற விவசாயி படிக்க வருவதில்லை. அவர் கையில் களிமண் நிலம் இருக்கிறது, தண்ணீர் எப்போது நிற்கும் என்று தெரியாது, சம்பாப் பட்டத்துக்கு இத்தனை நாளுக்குள் வரும் ரகம் எது என்று அவருக்குத் தெரிய வேண்டும். பூங்கார் மூன்று மாதத்தில் கைக்கு வந்துவிடும், காட்டுயானத்துக்கு ஆறு மாதம் ஆகும், இரண்டையும் ஒரே பட்டத்தில் யோசிக்கவே முடியாது. நாள், மண், பட்டம், உயரம், சாயுமா சாயாதா, விதை இப்போது யாரிடம் இருக்கிறது, இவை எல்லாம் தனித்தனிக் கட்டங்களாக இருந்தால்தான் வடிகட்ட முடியும். வேர்ட்பிரஸிலும் இதைச் செய்ய வழி உண்டு. மூன்று நீட்சிகளை ஒன்றோடொன்று கட்டிச் செய்தேன், அதில் ஒன்றை எழுதியவர் அடுத்த வருடமே கைவிட்டுவிட்டார்.

ட்ரூபல் இந்த வேலைக்கென்றே பிறந்தது. 'நெல் ரகம்' என்று ஓர் உள்ளடக்க வகையை உண்டாக்கி, அதற்கு என்னென்ன கட்டம் வேண்டும் என்று சொல்லிவிட்டால் அய்யாவுக்கு ஒரு படிவம் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கை விண்ணப்பம் நிரப்பிப் பழகியவர், ஒன்பது கட்டத்தையும் மளமளவென்று நிரப்பினார். பட்டம் என்ற இடத்தில் குறுவை, சம்பா, தாளடி மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், ஒருவர் 'சம்பா' என்றும் இன்னொருவர் 'சம்பாப் பருவம்' என்றும் எழுதிக் குழப்ப வழியில்லை. வியூஸ் என்ற பகுதியில், களிமண், சம்பா, 140 நாளுக்குள் என்று வடிகட்டும் பட்டியலை ஒரு வரி நிரல்கூட எழுதாமல் அரை மணி நேரத்தில் செய்தேன். அன்றைக்கு அய்யா என் தோளில் கைவைத்து ஒன்றும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் ட்ரூபலுக்குக் கொடுக்கும் விலையையும் சொல்ல வேண்டும். நாங்கள் செய்தது ட்ரூபல் 7-இல். 2015-இல் வந்த 8-ஐ அடியோடு புதிதாக எழுதிவிட்டார்கள். 7-இலிருந்து அதற்கு அப்படியே ஏற முடியாது, வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு வீட்டுக்குப் போவது மாதிரி. 7-க்கான ஆதரவைத் தள்ளித் தள்ளி வைத்து 2025 ஜனவரி 5-இல் முடித்தார்கள். அதற்கு முன் நாங்கள் 10-க்குக் குடிபெயர்ந்தோம், எனக்கு மூன்று வாரம் பிடித்தது. குழுவிடம் பணம் வாங்க மனம் வரவில்லை. 8-க்குப் பிறகு ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு ஏறுவது சுலபமாகிவிட்டது என்பது உண்மைதான், ஆனாலும் ட்ரூபலின் பகுதிகளை இறக்கிப் புதுப்பிக்கும் கம்போசர் என்ற கருவியைக் கட்டளை வரியில் இயக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும், தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் குறைந்த விலை ஹோஸ்டிங் பலவற்றில் அதற்கு இடமே இருக்காது. பாதுகாப்பு அறிவிப்பு வந்தால் அன்றைக்கே உட்கார வேண்டும். 2014 அக்டோபரில் ட்ரூபல் 7-இல் ஒரு பெரிய ஓட்டை வெளியானபோது சில மணி நேரத்திலேயே தானியங்கி நிரல்கள் தளங்களைத் தாக்க ஆரம்பித்துவிட்டன. அப்புறம், அதனுடன் வரும் தேடல் முழுச் சொல்லாகத்தான் பார்க்கும். 'விதை' என்று தேடினால் 'விதைகள்' வராது. தமிழுக்கு இது பெரிய குறை. தேடல் பெட்டியை எடுத்துவிட்டு, வியூஸிலேயே 'இந்த எழுத்துகள் உள்ளே இருக்கிறதா' என்று பார்க்கும் வடிகட்டியை வைத்தேன்.

ஜூம்லாவை இப்போது யாரும் பேசுவதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கும் குடும்பம் ஒன்றுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தளம் வேண்டும் என்றார்கள். வேர்ட்பிரஸில் இரண்டு மொழி வேண்டுமென்றால் தனி நீட்சி போட வேண்டும். ஜூம்லாவில் 2011-இல் வந்த 1.6 பதிப்பிலிருந்தே அது உள்ளேயே இருக்கிறது. யார் எதைத் திருத்தலாம் என்ற அனுமதியும் அப்படியே, விலைப்பட்டியலை மூத்த அண்ணன் மட்டும் மாற்றலாம், படங்களைத் தம்பி மனைவி ஏற்றலாம் என்று பிரித்து வைத்தோம். குறை என்னவென்றால், ஒரு பக்கம் எங்கே தெரிய வேண்டும் என்பதைப் பட்டி (மெனு) வழியாகச் சொல்ல வேண்டும், அதைப் புரியவைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. 2023 ஆகஸ்டில் ஜூம்லா 3-க்கான ஆதரவு முடிந்தபோது தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் பழைய வார்ப்புரு 4-இல் ஓடவில்லை, முகப்பைத் திரும்பச் செய்தோம். விளக்கு பற்றிய எழுத்தும் படமும் ஒன்றுகூடத் தொலையவில்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைச் சொல்வேனா என்றால், இரண்டு மொழியும் பல கையும் இருந்தால் மட்டும் சொல்வேன்.

கோஸ்ட் நல்ல மென்பொருள், எழுதுகிறவர் சந்தா வாங்கி மின்னஞ்சல் இதழ் நடத்த அருமையானது. அது நோட் என்ற வேறொரு அடித்தளத்தில் ஓடுவதால் சாதாரண ஹோஸ்டிங்கில் நிற்காது, எங்கள் பக்கம் இதுவரை யாருக்கும் தேவைப்படவில்லை.

மாறவே மாறாத தளத்துக்கு இந்த மூன்றும் வேண்டாம். எங்கள் உறவில் ஒரு பெரியவர் தன் ஊரின் வாய்க்கால்கள், மதகுகள், குளங்கள், அவற்றின் பழைய பெயர்கள் என்று நாற்பது பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போனார். அதை ஹியூகோ என்ற, எழுத்துக் கோப்புகளிலிருந்து நேரே பக்கங்களை உண்டாக்கும் மென்பொருளில் போட்டேன். தரவுத்தளம் கிடையாது, உள்ளே நுழையக் கடவுச்சொல்லும் கிடையாது, ஒவ்வொரு பக்கமும் வெறும் எழுத்துக் கோப்பு. ஆறு வருடமாகத் தொடாமல் அப்படியே இருக்கிறது. அவருடைய பேரன் கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் திறக்கிறது என்கிறான்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்தபோது அய்யாவின் குழு அலுவலகத்து ஓடு பறந்து கணினி நனைந்து போனது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. தளம் வேறு எங்கோ இருந்த சர்வரில் இருந்ததால் பிழைத்தது, ஆனால் ஏற்றாமல் வைத்திருந்த கதிர்ப் படங்கள் எல்லாம் போய்விட்டன. அதில் இரண்டு ரகம் அதற்குப் பிறகு யாரும் விதைக்கவில்லை. அதிலிருந்து மாதம் முதல் தேதி தரவுத்தளத்தையும் படங்களையும் இறக்கி மூன்று பிரதி எடுக்கிறோம். ஒன்று என்னிடம், ஒன்று குழு அலுவலகத்தில், ஒன்று அய்யா வீட்டு அலமாரியில். எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும், தளம் தொடங்கிய முதல் வாரத்திலேயே அந்தப் பிரதியை இன்னொரு கணினியில் போட்டு ஓடுகிறதா என்று பாருங்கள். நான் பார்த்த வரையில் பிரதி எடுப்பவர்கள் பலர், திரும்பப் போட்டுப் பார்ப்பவர்கள் மிகக் கொஞ்சம்.

இப்போது அந்தப் பிரதியை எடுப்பது அய்யாவின் பேத்தி. திருவாரூரில் கல்லூரி படிக்கிறாள், ரகங்களைச் சேர்ப்பதையும் அவளே பார்த்துக்கொள்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை குள்ளக்காரைச் சேர்த்தாள், தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார், பதினொரு இடத்தில் அமுக்கினாளாம். "கொஞ்சம் ஜாஸ்திதான் தம்பி, ஆனா ஒண்ணும் தப்பாப் போகல" என்றார் போனில். அடுத்த முறை போகும்போது அவளுக்குக் கம்போசர் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.